ஒன்பது கப்பல் நாட்கள்

இந்த ஊரில் கடல் இல்லை. ஒரு நூற்பாலை இருக்கிறது, அதற்கு ஒரு சங்கு இருக்கிறது. காலை ஏழுக்கு அது ஊதும்போது கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். காபி டம்ளர், பேனா, பாதி நறுக்கிய கத்திரிக்காய், எதுவானாலும்.

"எங்கே கிளம்பிட்டே?" என்பார் வீட்டுக்காரர்.

எங்கேயும் இல்லை. கால்தான் கிளம்பியது. இத்தனை வருஷமாக என் ஒரு கால் கப்பலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னொரு கால் அதை இழுத்து உட்கார வைக்கிறது. நடுவில் நான்.

கார் நிக்கோபாருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று போன வாரக் கட்டுரையைப் படித்த சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். போனதைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்பு போகாமல் உட்கார்ந்திருந்த ஒரு காலையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலையிலும் சங்குதான்.

கப்பல் நாள்

அப்போது போர்ட் பிளேரில் நாட்கள் இரண்டே வகை. கப்பல் நாள், மற்ற நாள்.

மெட்ராஸிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ கப்பல் வந்தால் கடைக்காரர் கல்லாவை மூடுவார். குமாஸ்தா கோப்பை மூடுவார். அடுப்பில் உலை வைத்தவள் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வருவாள். எல்லாரும் ஜெட்டிக்கு, கப்பல் துறைக்கு. யாரும் வராவிட்டாலும் ஜெட்டிக்கு. யார் வருகிறார்கள் என்று பார்க்க, வெங்காயம் இறங்குகிறதா என்று பார்க்க, தபால் மூட்டை எத்தனை என்று எண்ண, மெயின்லேண்ட் தூசியின் வாசனையைக் கொஞ்சம் மூக்கில் வாங்கிக்கொள்ள. கப்பல் திரும்பிப் போகும் நாளும் அப்படியே. அழுகிறவர்களைப் பார்க்கப் போவோம்.

நான் போவது வேறு காரணத்துக்கு. முதல் வகுப்பு அறைக்காரர்கள் இறங்கும் ஏணி ஒரு பக்கம், அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பின் ஏணி இன்னொரு பக்கம். பங்க் ஏணிக்குக் கீழே நின்று, கப்பலின் இரும்பு வயிற்றுக்குள்ளிருந்து வரும் காற்றை முகத்தில் வாங்குவேன். டீசல், வாந்தி, எலுமிச்சை, ஈரக் கம்பளி. அந்த நாற்றத்தில் எனக்குக் கால் பரபரக்கும். எங்கே போக வேண்டும் என்று தெரியாது. போக வேண்டும் என்று மட்டும் தெரியும்.

வயது இருபத்தொன்று. பரமக்குடியிலிருந்து அண்ணனோடு வந்து மூன்று வருஷம். அண்ணனுக்கு அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை. எனக்கு, தையல் பள்ளி.

சுலோச்சனா டீச்சரின் பள்ளி

போர்ட் பிளேரிலேயே ஜங்கிலிகாட்டில், தகரக் கூரை போட்ட ஒரு மரவீடு. ஆறு தையல் மெஷின், பதினோரு பெண்கள், ஒரு கரும்பலகை. சுலோச்சனா டீச்சர் தூத்துக்குடிக்காரர். கணவர் மாற்றலாகி ஊர் திரும்பியபோது, "மெஷினை விட்டுட்டு எங்க வர?" என்று கேட்டுத் தீவிலேயே நின்றுவிட்டவர். இதைச் சொல்லும்போது சிரிப்பார். கேட்பவர்கள் சிரிப்பதில்லை.

பள்ளிக்கு அரசாங்க அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் இல்லாவிட்டால் சான்றிதழ் வெறும் காகிதம். அங்கீகாரம் கிடைத்தால் அதே காகிதத்தைக் காட்டி அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியை ஆகலாம். கார் நிக்கோபாரில் ஒரு இடம் காலியாக இருந்தது.

விண்ணப்பம் போட்டுப் பல கப்பல்கள் போய்ப் பல கப்பல்கள் வந்தன. படிவத்தை மெயின்லேண்டில் அச்சடித்திருந்தார்கள். அதில் ஒரு கட்டம்: அருகிலுள்ள ரயில் நிலையம், அதன் தூரம். டீச்சர் யோசித்து யோசித்து எழுதினார்: 'மெட்ராஸ். நான்கு பகல், மூன்று இரவு, கடல் நன்றாக இருந்தால்.'

இன்னொரு விதி, பயிற்சிப் பதிவேட்டில் மாதிரித் துணிகளைப் பசையால் ஒட்ட வேண்டும் என்றது. விரல் நீளச் சட்டை, உள்ளங்கை அளவு ஜப்லா, பொத்தான் துளைக்குக் காஜா எடுத்த துண்டுத்துணி. ஒட்டினோம். எட்டு மாத மழையில் பதிவேடு பூஞ்சை பிடித்து வெண்முடி முளைத்தது. மைதாப் பசையைக் கரப்பான் தின்றது. நோட்டைத் திறந்தால் குட்டிச் சட்டைகள் மடியில் உதிரும், பல் விழுவது போல. கடைசியில் எல்லாவற்றையும் தாளோடு தாளாகத் தைத்துவிட்டோம்.

இதெல்லாம் இருக்கட்டும். என் கதை வேறொரு கட்டத்தில் மாட்டியிருந்தது. பரமக்குடியில் அம்மா ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அண்ணன் கெட்டவர் இல்லை. தெளிவானவர்.

"இந்தா பாரு, பாண்டியம்மா. பரிசோதனைக்கு ஆள் வருதுங்குறாக. வந்து கையெழுத்துப் போட்டா நீ வேலைக்குப் போ. போடலையா, அதே கப்பல்ல ஊருக்குப் போ. பங்க் டிக்கெட் சொல்லி வச்சுட்டேன்."

கப்பலில் போக வேண்டும் என்று துடித்தவளுக்கு டிக்கெட் தயார். அந்த டிக்கெட்டின் மறுமுனையில் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அப்படிப் போக எனக்குப் பிடிக்கவில்லை.

எலுமிச்சம்பழம்

திங்கட்கிழமை கப்பல் வந்தது. இன்ஸ்பெக்டரம்மா முதல் வகுப்பில் வருகிறார் என்று கடிதம். டீச்சர் பள்ளியைப் பூட்டி, பத்துப் பெண்களையும் ஒரு மாலையையும் கூட்டிக்கொண்டு முதல் வகுப்பு ஏணியடியில் நின்றார். நான் வழக்கம் போல நழுவிப் பங்க் ஏணிப் பக்கம் போனேன்.

ஒரு அம்மாள் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கசங்கிய சேலை, கையில் செருப்பு, இன்னொரு கையில் கடித்த எலுமிச்சம்பழம். நிலம் ஆடுகிறது என்பது போலக் காலை அகட்டி வைத்தார்.

"ஏம்மா, ஜங்கிலிகாட் எப்படிப் போகணும்? அங்கே ஒரு தையல் ஸ்கூலாமே."

எனக்கு அப்படியொரு உற்சாகம். நம் பள்ளிக்குப் புதிதாகச் சேர ஆள்!

"மேடு ஏறி இறங்குனா ஜங்கிலிகாட்டுங்க. ஆனா அங்க போயி என்ன செய்யப் போறீக? பூட்டுத்தான் தொங்கும். இன்னைக்குக் கப்பல் நாள்."

"கப்பல் நாள்னா?"

"எங்க ஊர்ல கப்பல் நாளுன்னா ஸ்கூல் ஏதுங்க!"

"எப்பவுமே இப்படியா?"

"எப்பவுமே. வர்ற நாளும் இல்ல, போற நாளும் இல்ல," என்றேன் பெருமையாக. எங்கள் ஊர் வழக்கத்தை ஒரு புது ஆளுக்கு விளக்கும் பெருமை.

அவர் தலையாட்டிவிட்டு மேடேறினார்.

பகல் பன்னிரண்டுக்கு வாடிய மாலையோடு நாங்கள் திரும்பி வந்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட நூல் பெட்டி மேல் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். எலுமிச்சம்பழம் தோலாகியிருந்தது.

"நான்தான் இன்ஸ்பெக்டர்," என்றார். "முதல் வகுப்பு அறையில் பெயின்ட் வாடை. நாலு நாளும் பங்க்கிலேயே படுத்துட்டேன்."

என்னைப் பார்த்தார். கதவு திறந்ததும் நான் உள்ளே ஒரு மெஷினுக்குப் பின்னால் போய் நின்றேன். மெஷின் என் இடுப்பு உயரம்தான்.

வெங்காயம் வந்த கப்பல்

பதிவேட்டில் உதிராத சட்டைகளை இழுத்துப் பார்த்தார். ரயில் நிலையக் கட்டத்தைப் படித்துவிட்டு இருமினார். அது சிரிப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. பிறகு வருகைப் பதிவேட்டைக் கேட்டார்.

வருஷத்துக்கு இத்தனை வேலை நாட்கள் என்று விதி. டீச்சரின் கணக்கில் அதற்கு மேலேயே இருந்தது. ஞாயிறு தவிர எல்லா நாளும் எல்லாருக்கும் 'ஆஜர்'.

இன்ஸ்பெக்டரம்மா சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, சாதாரணமாக, பொழுது போகாமல் கேட்பவர் போலக் கேட்டார்: "இங்கே கப்பல் எப்பெப்போ வரும்? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா! தீவுக்காரர்களிடம் கேட்கும் கேள்வியா இது?

முதலில் சபிதா எழுந்தாள். திக்லிபூரில் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பெண். என்னை 'தீதி' என்பாள், அக்கா என்று அர்த்தம். தமிழையும் இந்தியையும் ஒரே ஊசியில் கோப்பாள்.

"மேடம், பொங்கலுக்கு மூணு நாள் முந்தி ஏக் ஜஹாஜ். அதுல பியாஜ் வந்துச்சு. வெங்காயம், வெங்காயம்!"

"அதுக்கு அடுத்தது வெறும் சிமென்ட்."

"எங்க சித்தப்பா போனது பத்தாந்தேதி. நான்தானே அழுதேன்."

"கடுதாசியே வராத கப்பல் ஒண்ணு, சிவராத்திரி அன்னைக்கு!"

பதினோரு பேரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு, தேதி பிசகாமல், சந்தோஷமாக ஒப்பித்தோம். நானும் நான்கு கப்பல் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினோம். அதற்குள் ஒரு கப்பல்கூட மிச்சமில்லை.

"இந்த நாளெல்லாம் ஸ்கூல் நடந்ததா?"

டீச்சர் பொய் சொல்லவில்லை. "ஸ்கூலுதான் பூட்டியிருந்துது, அம்மா. ஆனா நூலும் ஊசியும் கப்பல்லதான வருது? பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயி வாங்கியாருதோம். அதுவும் படிப்புதானேன்னு ஆஜர் போட்டுட்டேன். கப்பலுக்கு லீவுன்னு எழுதினா மெயின்லேண்ட்ல சிரிப்பாவளேன்னும் இருந்துது."

"சிவப்புக் கோட்டைக் கழிச்சா ஒன்பது நாள் குறையுது," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஜெட்டியில ஒரு பொண்ணு சொல்லலைன்னா எனக்குத் தோணியே இருக்காது."

"கோன் ஹை ஓ புத்து?" என்று சீறினாள் சபிதா. "எந்த முட்டாள், தீதி?"

நான் பாபினில் நூல் சுற்றினேன். சுற்றிய பாபினிலேயே திரும்பச் சுற்றினேன்.

சூரியனின் கடிகாரம்

கப்பல் சனிக்கிழமை காலை பத்துக்குத் திரும்புகிறது. இன்ஸ்பெக்டரம்மா அதில் போக வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் நானும்.

நாக்கு செய்த வேலையை நாக்கே சரி செய்யட்டும் என்று வாயைத் திறந்தேன். "ஒரு வேலை நாள்னா என்னங்கம்மா?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஐந்து மணி நேரம் கொண்டது."

"ஒரு சூரியனுக்கு ஒண்ணுதான்னு போட்டிருக்கா?"

அறையில் ஒரு மெஷின் சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

"இங்க நாலரைக்கே வெளுத்துருதுங்க. கடிகாரம்தான் மெயின்லேண்டோடது, சூரியன் எங்களோடது. அஞ்சுலேருந்து பத்து, பன்னெண்டுலேருந்து அஞ்சு. பகல் வெளிச்சத்துலயே ரெண்டு நாள் ஆச்சு."

விரல் விட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. எட்டு. விரல் நின்றது.

"ஒன்பதாவது?"

"சனிக்கிழமை அஞ்சுலேருந்து பத்து."

"அது கப்பல் நாளாச்சே," என்றார், என்னை மட்டும் பார்த்து.

அவர் புத்தகத்தை மூடினார். "நான் உட்கார்ந்து பார்ப்பேன். பார்க்காத மணி நேரத்தை எழுத மாட்டேன்."

நான்கு நாளில் எட்டு நாள்

அந்த நான்கு நாட்களைத்தான் நான் இன்னும் வாழ்ந்து முடிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் குடையோடு வந்துவிடுவார். வெளியே தென்னைக்குப் பின்னால் கடல் சாம்பலிலிருந்து வெள்ளிக்கு மாறும். உள்ளே ஆறு மெஷின்கள் ஓடும், தகரத்தின் மேல் மழை நடப்பது போல. மெஷின் கிடைக்காத ஐந்து பேருக்குக் கையில் காஜா. முதுகு எரியும். ஊசி வியர்வையில் வழுக்கும். ஜன்னலின் இடது மூலையில், மேட்டுக்கு மேலே, கப்பலின் புகைக்குழாய் மட்டும் தெரியும். தலையைத் திருப்பாமலே அதைப் பார்க்கக் கற்றிருந்தேன்.

புதன்கிழமை அவரே ஒரு துண்டை எடுத்துக் காஜா போட ஆரம்பித்தார். சபிதா எட்டிப் பார்த்தாள்.

"மேடம், உங்களோடது தேடா. கோணல்."

"தெரியும்டி. பதினஞ்சு வருஷமா மத்தவங்க காஜாவைத்தானே பார்க்கறேன்." பிறகு, யாரிடமோ சொல்வது போல: "எந்த ஸ்கூல்லயும் நான் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. அரை மணி, ஒரு காபி, ஒரு கையெழுத்து."

வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், ஜெட்டியில சொன்ன பொண்ணு..."

"எண்ணெய்க் குப்பியைப் பிடி."

பிடித்தேன்.

"தெரியும்ட்டி. கப்பல் நாள்ல பங்க் ஏணிக்குக் கீழ வாயப் பொளந்துக்கிட்டு நிக்கது உன்னை விட்டா ஆரு?"

"கோவம் இல்லையா?"

"இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல கோவப்படுதேன். இப்ப நேரம் இல்ல. காலரு ஒட்டலை பாரு, பிரிச்சுத் தை."

வெள்ளி சாயங்காலம், எட்டாவது நாள் முடிந்தபோது, அண்ணன் என் தகரப் பெட்டிக்குக் கயிறு வாங்கி வந்திருந்தார்.

முதல் சங்கு

சனிக்கிழமை. ஐந்துக்கு ஆரம்பித்தோம். ஆறு. ஏழு. கப்பலின் முதல் சங்கு ஊதியது.

பதினோரு ஜோடிக் கால்களும் மெஷின் மிதியிலும் தரையிலும் ஒரு கணம் தூக்கிப்போட்டன. யாரும் எழவில்லை. தெருவில் ஊரே ஜெட்டிக்குப் போகும் சத்தம். சைக்கிள் மணிகள், குழந்தைகள், "சலோ, சலோ, ஜல்தி!" யாரோ ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன, உங்களுக்கு உடம்பு சரியில்லையா எல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழரைக்கு அண்ணன் வந்தார். சைக்கிளின் பின்னால் என் பெட்டி. உள்ளே வரவில்லை. பங்க் ஆட்கள் ஒன்பதுக்குள் ஏற வேண்டும். வேப்பமரத்தடியில் டிக்கெட்டை விசிறியாக வைத்து வீசிக்கொண்டு நின்றார்.

எட்டடிக்கப் பத்து நிமிஷம். இன்ஸ்பெக்டரம்மாவும் கிளம்பியாக வேண்டும். குடையை எடுத்தார், வைத்தார். அறிக்கையை மேஜையில் விரித்தார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கே, அம்மா," என்றார் டீச்சர், மெதுவாக. "பார்க்காத நேரத்தை எழுத மாட்டேன்னு சொன்னிய."

இன்ஸ்பெக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் எங்களை, ஒவ்வொரு தலையாக. பேனாவைத் திறந்து எழுதினார். நான் மேஜைக்குப் பக்கத்து மெஷினில் இருந்ததால் தெரிந்தது: 'ஒன்பதாம் வேலை நாள், முற்பகல் பத்து மணிக்கு நிறைவுற்றது.' கீழே கையெழுத்து. அந்தப் பதிவேட்டுக் கட்டுக்குள் நடக்காததை நடந்ததாக எழுதிய இன்னொரு வரி அது. அதற்கு மட்டும் சிவப்புக் கோடு போட ஆள் இல்லை.

ஒரு நகலை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்றார். பெட்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், திரும்பி வந்து என் ஜன்னலில் குனிந்தார்.

"அது யார் பெட்டி?"

"என்னோடதுங்க."

"நீ கப்பலுக்கு வரலையா?"

இரண்டாவது சங்கு ஊதியது. இத்தனை வருஷம் கழித்தும் அது முடியவில்லை. இந்த ஊரின் நூற்பாலை வழியாக இன்னும் ஊதுகிறது. என் வலது கால் எழுந்தது. அதை மிதியின் மேல் வைத்து அழுத்தினேன். மெஷின் ஓடியது.

"இல்லீங்கம்மா," என்றேன். "இன்னைக்கு ஸ்கூல் இருக்கு."